ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்குக் காசு கொடுக்கலாமா?

மார்கழி பிறந்து தனுஷ்கோடிப் பூநாரைப் படங்கள் முகநூலில் வர ஆரம்பித்தால், என் உள்பெட்டியில் ஒரு கேள்வியும் வர ஆரம்பிக்கும். “அண்ணே, ஆயிரம் ரூவாய்க்கு மோனோபாட் போட்டிருக்கான், வாங்கலாமா?” ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன். மோனோபாட் என்கிற இந்த ஒற்றைக்கால் கம்பை வாங்கலாம். அதன் உச்சியில் சேர்த்துத் திருகிக் கொடுக்கிற தலையை, அதாவது கேமராவைப் பொருத்தித் திருப்புகிற பாகத்தை, கழற்றிக் கடாசிவிட வேண்டும்.

முதலில் ஒன்று. ஆன்லைனில் தேடினால் முன்னூறு, நானூறு ரூபாய்க்கு வந்து நிற்பதெல்லாம் பெரும்பாலும் செல்ஃபி குச்சி. மொபைலுக்கு அது போதும். நான் பேசுவது கேமராவையும் லென்ஸையும் தரையில் ஊன்றித் தாங்குகிற கம்பைப் பற்றி. மொபைலில் மட்டும் படம் எடுப்பவர்கள் இத்தோடு அடுத்த பதிவுக்குப் போகலாம், உங்களுக்கு இது தேவையே இல்லை.

மோனோபாட் வாங்கினால் படம் ஆடாமல் வரும் என்பதுதான் எல்லோரும் சொல்கிற காரணம். பாதி உண்மை. கம்பு ஊன்றியதும் கேமரா மேலும் கீழும் அசைவது நின்றுவிடும். பக்கவாட்டு ஆட்டம் குறையும், நிற்காது. அதனால் கையில் பிடித்து 1/800 நொடி ஷட்டர் வேகத்தில் எடுக்க வேண்டிய படத்தை, பழகிய கை 1/200 வரைக்கும் இறக்கி எடுத்துவிடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் நம் கரையில் அது எத்தனை பேருக்கு எப்போது தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் கோதண்டராமர் கோவில் சாலையில் நின்றால் வெயில் கண்ணைக் கூச வைக்கும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துவாரம் எஃப்/8 வைத்தாலே ஷட்டர் 1/1600 கிடைத்துவிடும். அந்த வேகத்தில் கை கொஞ்சம் ஆடினால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் 1/200க்கு இறங்கினால், கம்பு கேமராவைப் பிடித்துக்கொள்ளும், பறவையை யார் பிடிப்பது? தலையைத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் நீரைச் சலித்து இரை தேடிக்கொண்டே நடக்கும் பூநாரை 1/200க்குக் கலங்கித்தான் வரும்.

அப்புறம் ஏன் வாங்கச் சொல்கிறேன்? பாரத்துக்காக. தூரத்துப் பறவையை எடுக்கிற 150-600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். லென்ஸ் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ, கேமராவோடு சேர்த்தால் இரண்டே முக்கால் பக்கம் வரும். எடுப்பது ஒரு நொடி வேலை. காத்திருப்பதுதான் வேலையே. பூநாரைக் கூட்டம் தூரத்தில் மேய்ந்துகொண்டே இருக்கும், எப்போது இறக்கை விரிக்கும் என்று அதற்கே தெரியாது. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிய அடுத்த கணம்தான் பறக்கும். தோள்பட்டை இறங்கிப்போய் நிற்பவனால் அந்த நேரத்தில் சட்டென்று தூக்க முடியாது. கம்பில் இருந்தால் கேமரா எப்போதும் கண்ணுக்கு நேரே இருக்கும். இதற்கு மட்டுமே காசு கொடுக்கலாம் என்பது என் கருத்து. இதைச் செய்ய விலை உயர்ந்த கார்பன் ஃபைபர் தேவையில்லை, சாதாரண அலுமினியக் குழாய் போதும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தபிறகு, சேற்றில் இறங்கிக் கிட்டே போய் எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. அறிவிக்காவிட்டாலும் போகக் கூடாது, அது வேறு. ஆக, தூரத்தில் நின்று பெரிய லென்ஸோடு காத்திருப்பதுதான் ஒரே வழி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு மணிக்கு மேல் எடுத்த படம் தெளிவில்லாமல் இருந்தால் கம்பைத் திட்டாதீர்கள், லென்ஸையும் திட்டாதீர்கள். சுட்ட மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று நெளிகிறது. அந்தக் கானலுக்குள்ளே அரை கிலோமீட்டர் தூரத்துப் பறவையை எடுத்தால் லட்ச ரூபாய் ஸ்டாண்டு போட்டாலும் அப்படித்தான் வரும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும்.

சரி, தலைக்கு வருவோம். மலிவான மோனோபாடில் பணத்தை விழுங்குவதும் கேமராவைக் கீழே போடுவதும் இந்தத் தலைதான். வீடியோ ஸ்டாண்டில் இருப்பது போல ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, மூன்று பக்கமும் திரும்பும் ஒரு அமைப்பு, கேமராவுக்கு அடியில் பொருத்துகிற ஒரு பிளாஸ்டிக் பிளேட். அந்தப் பிளேட்டைப் பிடித்திருப்பது சின்ன ஸ்பிரிங் வைத்த ஒரு நெம்புகோல். பெரிய லென்ஸ் மாட்டி முன்பக்கம் பாரம் இழுக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் நெளிவது கண்ணாலேயே தெரியும். எவ்வளவு முறுக்கினாலும் லென்ஸ் மெதுவாகத் தலை குனியும். அதைச் சமாளிக்க நீங்கள் கையால் தூக்கிப் பிடிப்பீர்கள். அப்படியானால் கம்பு எதற்கு?

தலை இல்லாமலே வேலை நடக்கும். பெரிய லென்ஸ்களுக்கு அடியில் ஒரு கால் இருக்கும், லென்ஸைச் சுற்றிய வளையத்தோடு வரும். கம்பின் உச்சியில் இருக்கும் திருகை நேராக அந்தக் காலில் முறுக்கிவிட்டால் போதும். மேலே கீழே பார்க்க வேண்டுமானால் கம்பையே முன்னும் பின்னும் சாய்த்துக்கொள்ளலாம். தலைக்கு மேலே பறப்பதை எடுக்க மட்டும் இது தோதுப்படாது. அதற்குக் கையில் தூக்குவதுதான் சரி, அதற்கு எந்தக் கம்பும் உதவாது. இல்லை, சாய்க்கிற வசதி வேண்டும் என்றால், முன்பின் மட்டும் சாயும் உலோகத் தலை தனியாகக் கிடைக்கிறது. கம்பை விட அது விலை அதிகமாக இருக்கலாம், கொடுக்கலாம். பந்துத் தலை வேண்டாம். மூன்று கால் ஸ்டாண்டான ட்ரைபாடுக்கு அருமையானது, ஒற்றைக் கம்பில் எல்லாப் பக்கமும் சரிந்து உயிரை வாங்கும்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். உச்சியில் இருக்கும் திருகு கேமராவுக்கான கால் இஞ்ச் அளவு, தலைகளுக்குப் பெரும்பாலும் எட்டில் மூன்று இஞ்ச், அதாவது 3/8. நல்ல கம்புகளில் ஒரே திருகைத் திருப்பிப் போட்டால் இரண்டும் வரும். தலை பிரியாமல் ஒட்டியே வருகிற கம்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பூட்டு. நான்கு அடுக்குக் குழாய் என்றால் மூன்று பூட்டு. இரண்டு வகை உண்டு, கிளிப் மாதிரி மடக்குவது ஒன்று, முறுக்குவது ஒன்று. உள்ளூர் ஆட்கள் பலர் முறுக்குவது அழகாக இருக்கிறது என்று அதையே வாங்குகிறார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். கச்சான் காற்றில் பறக்கிற மணல் கால்சட்டைப் பைக்குள்ளே போகும்போது முறுக்குப் பூட்டுக்குள்ளே போகாதா? வீட்டுக்கு வந்து முறுக்கினால் ‘கறக் கறக்’ என்று அரைக்கும். கழற்றிக் கழுவத் தெரிந்தவர்களுக்கு முறுக்குப் பூட்டு பரவாயில்லை. தெரியாதவர்கள் கிளிப் பூட்டு வாங்குங்கள். தளர்ந்தால் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிவிடும், மணல் போனாலும் துடைத்துவிடலாம். மடக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரும் என்பதுதான் குறை. அதை வண்டியை விட்டு இறங்கும்போதே திறந்து வைத்துவிட்டால் பறவைக்குக் கேட்காது.

எல்லோரும் தடித்த குழாயை முதலில் திற, ஒல்லிக் குழாயைக் கடைசியில் திற என்று சொல்லித் தருகிறார்கள். உறுதிக்கு அதுதான் சரி. மணலிலும் உப்புத் தண்ணீரிலும் நான் மாற்றிச் செய்கிறேன். அடியில் உள்ள ஒல்லிக் குழாயை முதலில் முழுசாக இழுத்துவிடுவேன். அப்போது பூட்டுகள் மூன்றும் தரைக்கு மேலே மணல் எட்டாத உயரத்தில் இருக்கும், மணலில் புதைவது வெறும் குழாய் மட்டும். கொஞ்சம் வளையும்தான். பூட்டு செத்துப்போவதற்கு அது பரவாயில்லை. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, எல்லா அடுக்கையும் இழுத்து வைத்து நிழலில் காய விட வேண்டும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் உப்பு அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும், அப்புறம் குழாய் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி வராது. நம் ஊர் வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே உப்புக் காற்று என்ன செய்யும் என்று தெரியுமே.

பெட்டியில் ஐந்து கிலோ தாங்கும், எட்டு கிலோ தாங்கும் என்று அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டாம். முழுசாக இழுத்துப் பூட்டி, உச்சியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பு பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். எந்த அடுக்காவது சறுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு ஆன்லைனில் வந்த ஒன்று இந்தச் சோதனையில் அப்படியே மடங்கி உட்கார்ந்தது. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்று இழுத்தடித்தார்கள், கடைசியில் எடுத்துக்கொண்டார்கள். உயரமும் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் கேமரா கண்ணுக்கு வர வேண்டும். குனிந்து நின்று காத்திருக்க முடியாது, இடுப்பு போய்விடும்.

கம்பு உதவாத இடங்களும் இங்கே நிறைய இருக்கின்றன. காரங்காட்டுச் சதுப்புக்காட்டுக்குள் படகில் போகும்போது கம்பைப் படகுத் தரையில் ஊன்றாதீர்கள். எஞ்சின் அதிர்வு நேராகக் கம்பு வழியே ஏறிக் கேமராவுக்கு வரும், கையில் பிடித்ததை விட மோசமாக வரும். ஊன்றித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் செருப்புக் காலின் மேல் ஊன்றுங்கள், உடம்பு கொஞ்சம் அதிர்வை வாங்கிக்கொள்ளும். பாம்பன் சாலைப் பாலமும் இப்படித்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே ஏறுவதை எடுக்கக் கூட்டம் நிற்கிறது. பின்னால் ஒரு லாரி போனால் காலுக்கு அடியில் தளமே குலுங்கும். அங்கே ட்ரைபாடும் ஆடும், மோனோபாடும் ஆடும். வேகமான ஷட்டர் வைத்துக் கையில் எடுப்பதே மேல்.

ராமேசுவரம் கோவில் மூன்றாம் பிரகாரத்தை மங்கல் வெளிச்சத்தில் எடுக்கத்தான் வாங்குகிறேன் என்று ஒரு தம்பி சொன்னார். உள்ளே கேமராவையே விடமாட்டார்கள் தம்பி, கம்பை எங்கே ஊன்றப் போகிறீர்கள்? அலையைப் பஞ்சு மாதிரி வழிய விட்டு எடுக்கிற நீண்ட எக்ஸ்போஷருக்கும் இது ஆகாது, அதற்கு மூன்று கால்தான். தனுஷ்கோடியில் நட்சத்திரம் எடுக்கலாம் என்பவர்களுக்கு, இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தில் மட்டும் இந்த ஒற்றைக் கம்புக்கு ஈடு கிடையாது. தொண்டிப் பக்கம் கோவில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது கரையில் நின்று பாருங்கள். ட்ரைபாடு விரித்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், திட்டும் வாங்க வேண்டும். கம்பு என்றால் ஒரு ஆள் நிற்கிற இடம் போதும். படகுகள் பக்கவாட்டில் போகும்போது இடுப்பைத் திருப்பினால் கேமராவும் அதே மட்டத்தில் சீராகத் திரும்பும். கல்யாண வீடியோ எடுக்கிற பையன்கள் மேடைக்குக் கீழே இதைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சின்ன லென்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 55-250 மாதிரி அரைக் கிலோ கூட இல்லாத லென்ஸ் வைத்திருந்தால் ஆயிரம் ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாரம் என்ற பிரச்சினையே இல்லை. ஆட்டம்தான் கவலை என்றால் ஹார்ட்வேர் கடையில் கால் இஞ்ச் போல்ட் ஒன்று வாங்கிக் கேமராவின் அடியில் முறுக்குங்கள். நீளமாக இல்லாமல் குட்டையாகப் பார்த்து வாங்கி, கையால் மட்டும் முறுக்குங்கள், வலிந்து முறுக்கினால் உள்ளே உடைந்துவிடும். அந்தப் போல்டில் நல்ல நைலான் கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைத்ததும் மேல்கீழ் ஆட்டம் பாதிக்குமேல் அடங்கிவிடும். வலைக்கயிறு நம் கரையில் எங்கே கிடைக்காது? மணலில் படுத்து எடுப்பவர்களுக்குக் கயிறும் வேண்டாம், ஒரு துணிப்பையில் அங்கேயே மணலை அள்ளி வாய் கட்டி, அதன் மேல் லென்ஸை வைத்தால் எந்தக் கம்பையும் விட உறுதி.

வாங்கியவர்கள் கழுத்துப் பட்டையைக் கழற்றாதீர்கள். கம்பில் இருந்தாலும் பட்டை கழுத்தில் இருக்கட்டும். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முறுக்கு வாங்கப் போகாதீர்கள், காற்று கொண்டுபோய்விடும்.

அடிரப்பர் கொஞ்ச நாளில் தேய்ந்தோ கழன்றோ போகும், மணல் அதை உருவிக்கொள்ளும். புதுக் கம்பு வாங்க வேண்டாம். வயதானவர்கள் ஊன்றுகிற கைத்தடிக்குப் போடும் ரப்பர் புஷ் சர்ஜிகல் கடையில் கிடைக்கும். குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போய்க் கேளுங்கள். அகலமான அடி உள்ளதாகப் பார்த்து எடுத்தால் மணலில் அவ்வளவாகப் புதையாது.