மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கு, நோயாளி ஆம்புலன்ஸில் சாகிறார்

ஜவ்வாது மலையோ சித்தேரி மலையோ, பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதற்கே பாதி உயிர் போய்விடுகிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்துச் செத்ததே, ஒழுங்கான ரோடு இல்லாமல் அந்தத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தாரே, அதை மறக்க முடியுமா? சரி, ரோடு போட வருஷக்கணக்கில் ஆகும் என்பீர்கள். அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவருக்கு முதல் ஆஸ்பத்திரியிலேயே மருந்து போட என்ன தடை?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருந்தும் போடாமல் அனுப்புகிறார்கள். ஒரு டி.டி. ஊசி, ஒரு பாட்டில் சலைன், ஒரு சீட்டு, "பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க". தாலுகா ஆஸ்பத்திரியிலும் அதே பாட்டு. மூன்றாவது வாசலில் இறக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது, சிறுநீர் நின்றுபோயிருக்கிறது. ரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் விஷம் உங்கள் ரெஃபர் முடியட்டும் என்று காத்திருக்காது. தாமதித்தால் கிட்னி போகும், அப்புறம் டயாலிசிஸ். கூலி வேலை செய்கிறவர் எத்தனை நாள் அங்கே படுத்துக் கிடப்பார்? அந்த டி.டி. ஊசியும் தப்பு! ரத்தம் உறையுதா என்று தெரியாமல் தசையில் குத்தினால் உள்ளேயே ரத்தம் கட்டும்.

இத்தனைக்கும் ரத்தம் உறையுதா என்று பார்க்க லேபே வேண்டாம். ரத்த நாளத்திலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வையுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை சாயுங்கள். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது. இதிலும் கோட்டை விடுகிறார்கள். கண்ணாடிச் சுவர் பட்டால்தான் ரத்தம் சரியாக உறையும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயிலோ விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். ஒரு பெட்டி கண்ணாடிக் குழாய் வாங்கி வைக்க முடியாதா?

உறையவில்லையா, 10 குப்பி. பொடியாக வரும் மருந்தை ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்கணும். குலுக்கினால் நுரைதான் வரும். சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றணும். குழந்தைக்கும் அதே 10 குப்பிதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கக்காது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ப் பரிசோதனை.

அலர்ஜி வந்துவிடுமோ என்ற பயம்தான் மருந்து போடாததற்குக் காரணம். வரும், உண்மைதான். அதற்குத்தானே அட்ரினலின்? பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில். சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கட்டு விரியன் கதை இன்னும் கொடுமை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி என்று வந்தால் வாயுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்புகிறார்கள். இமை தொங்குதா, பேச்சுக் குழறுதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். மூச்சு தளர்ந்தால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைப் பிடித்து அழுத்திக்கொண்டே கூடப் போகத் தெரிந்த ஆள் வேண்டும். வெறும் டிரைவரோடு ஏற்றிவிடாதீர்கள்!

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்லது. அதோடு, ரெஃபர் சீட்டில் நாலு விவரம் எழுதாமல் எந்த நோயாளியையும் அனுப்பக் கூடாது என்றும் உத்தரவு போடுங்கள்: கடித்த நேரம், குழாயில் ரத்தம் உறைந்ததா, எத்தனை குப்பி ஏறியது, எத்தனை மணிக்கு ஏறியது. குப்பி என்ற இடத்தில் சைபர் என்றால், ஏன் என்று டாக்டர் கையெழுத்தோடு எழுதட்டும்.