26 சதவீதம் என்றால் நூறில் 26 பேருக்கு அல்ல

மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி, "ஹார்மோன் மாத்திரை எடுத்தால் நூறில் 26 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்" என்று சொல்வது தவறு. 26 என்பது ஒப்பீட்டு உயர்வு; அதாவது, எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களுக்கு ஆபத்து எத்தனை சதவீதம் கூடியது என்பது. 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வில், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 30 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர், அவ்வளவுதான். அதற்காக அதை அலட்சியப்படுத்தவும் கூடாது.

அதே ஆய்வில், கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் கதையே வேறு. புற்றுநோய் மருத்துவர் ரோவன் க்ளெபோவ்ஸ்கி குழுவின் 2020 அறிக்கைப்படி, அங்கே மார்பகப் புற்றுநோய் குறைந்தது. சரி, எல்லோருக்கும் அதையே கொடுக்கலாமே என்றால், முடியாது: கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் அதன் உள்சவ்வு தடித்து அங்கே புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கவே புரோஜெஸ்டின் சேர்க்கிறார்கள்.