எட்டுப் பக்கங்களும் கறுப்பு மையும்: ‘பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்’ குறித்து

‘பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்’ என்னும் கறுப்பு வெள்ளை காமிக்ஸ் தொகுப்பைப் பற்றி வாசகர்கள் பேசத் தொடங்கினால் இரண்டு குறைகள் தவறாமல் எழுகின்றன. கதைகள் ஒரே தரத்தில் இல்லை என்பது ஒன்று. இத்தனை பெரிய ஓவியர்களை ஓரிடத்தில் கூட்டிவிட்டு வண்ணத்தை ஏன் மறுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் குறையில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதுமட்டுமல்ல, இந்தத் தொகுப்பில் எது சிறந்த கதை, எது சுமாரான கதை என்று பிரித்தறிவதற்கான அளவுகோலே அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1996ஆம் ஆண்டு பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் இதை நான்கு இதழ்களாக வெளியிட்டது. தொகுத்தவர் மார்க் கியாரெல்லோ. அவரே ஓவியர் என்பதால் அழைப்புப் பட்டியலை ஓவியரின் கண்ணோடு தயாரித்திருக்கிறார். இதழுக்கு ஐந்து கதைகள், கதைக்கு எட்டுப் பக்கங்கள், ஆக மொத்தம் இருபது கதைகள். முந்தைய இதழ்களைப் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த எட்டுப் பக்கங்களுக்குள் பேட்மேனின் நகரமான கோதமை ஓவியர் எப்படிக் கண்டாரோ அப்படியே வரையலாம்.

கறுப்பு வெள்ளை என்றதும் நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்குக் கறுப்பு வெள்ளை என்பது மலிவான தாளோடும் குறைந்த விலையோடும் சேர்ந்தே வந்த ஒன்று. பிற்காலத்தில் வழவழப்பான தாளில் முழு வண்ண இதழ்கள் வந்தபோது, பழைய வறுமை தீர்ந்தது போன்ற மகிழ்ச்சி நமக்கு ஏற்பட்டது. ஆனால் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ அதை பிரிட்டனின் ‘வாலியண்ட்’ வார இதழுக்காக 1962 முதல் வரைந்தபோதே கறுப்பு மைக்காகத்தான் வரைந்தார். உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் வெளியில் மிதக்கும் அந்தக் கட்டங்களில் வண்ணம் சேர்த்தால் என்ன கூடும் என்று எனக்குத் தெரியவில்லை. அச்சம் குறையும் என்பது மட்டும் தெரிகிறது. வண்ணத்துக்காக வரைந்துவிட்டு வண்ணம் இல்லாமல் அச்சிடுவதும், கறுப்பு மையிலேயே சிந்தித்து வரைவதும் வேறு வேறு காரியங்கள். பேட்மேன் தொகுப்பின் இருபது கதைகளிலும் இந்த இருவகையும் கலந்திருக்கின்றன. வாசகர்கள் உணரும் ஏற்றத்தாழ்வுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஹோஸே முன்யோஸ் வரைந்த ‘தி டெவில்ஸ் டிரம்பெட்’ கதையை எடுத்துக்கொள்ளலாம். அர்ஜென்டினாக்காரரான முன்யோஸ், ஆல்பெர்டோ பிரெச்சியாவிடம் பயின்றவர். கார்லோஸ் சம்பாயோவோடு சேர்ந்து 1970களில் ‘அலாக் சின்னர்’ என்னும் துப்பறிவாளர் தொடரை உருவாக்கியவர். அவருடைய கறுப்பு மை நிழலைக் குறிப்பதோடு நின்றுவிடுவதில்லை. முகங்களை அரித்து, தெருக்களை விழுங்கி, ஒரு டிரம்பெட்டைச் சுற்றிய பேராசையைப் படிப்பவரின் தோள்மேல் ஏற்றி வைக்கிறது. சூப்பர் ஹீரோ கதை என்று எதிர்பார்த்து வருகிற வாசகர் இந்தக் கதையை ‘கிறுக்கல்’ என்று தள்ளிவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. தொகுப்பிலேயே வண்ணத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாத கதை அதுதான்.

பிரையன் போலண்ட் எழுதி வரைந்த ‘ஆன் இன்னசென்ட் கை’ இன்னும் தெளிவான சான்று, ஏனெனில் அதன் இரண்டு வடிவங்களும் நம் கையில் இருக்கின்றன. வாழ்நாள் முழுதும் நல்லவனாகவே இருந்துவிட்ட ஓர் இளைஞன், தன் நன்மை தானே தேர்ந்துகொண்டதுதானா என்று சோதித்துப் பார்க்க ஒரே ஒரு மாபெரும் தீமையைச் செய்ய விரும்புகிறான். அதற்காக பேட்மேனைக் கொல்வதைப் பற்றி வீடியோ கேமராவின் முன் அமைதியாகப் பேசுகிறான். போலண்டின் கோடு துல்லியமானது, அவசரமில்லாதது. அந்தத் துல்லியமே இளைஞனின் மனநிலையைக் காட்டிக்கொடுக்கிறது. 2008இல் போலண்ட், தாம் முன்பு வரைந்த பேட்மேன் நூலான ‘தி கில்லிங் ஜோக்’கின் புதிய பதிப்புக்குத் தாமே வண்ணம் தீட்டியபோது, இந்தச் சிறுகதையும் வண்ணத்தில் அதனோடு சேர்க்கப்பட்டது. வண்ண வடிவம் அழகாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் அந்த இளைஞன் ஓர் அறையில் அமர்ந்திருக்கும் மனிதனாகிவிடுகிறான். கறுப்பு வெள்ளையில் அவனுடைய உண்மை உலகமும் அவன் கற்பனை செய்யும் கொலையும் ஒரே தன்மையில் இருப்பதால், எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற சந்தேகம் கடைசிவரை நம்மைத் தொடர்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் வண்ண வடிவமே மேல் என்றால் அந்த வாதத்தைக் கேட்க நான் ஆவலாக இருக்கிறேன்.

‘அகிரா’ படைத்த கட்சுஹிரோ ஒட்டோமோவின் ‘தி தேர்டு மாஸ்க்’ கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1982இல் ஜப்பானில் தொடங்கிய ‘அகிரா’ கறுப்பு வெள்ளைப் படைப்பு; 1988 முதல் அமெரிக்காவில் அது வெளிவந்தபோது ஸ்டீவ் ஓலிஃப் வண்ணம் சேர்த்தார். வண்ணம் இருந்தால்தான் விற்கும் என்று ஒரு காலத்தில் நம்பிய அதே சந்தை, எட்டே ஆண்டுகளில் ஒட்டோமோவை அவருடைய இயல்பான மையிலேயே பேட்மேனை வரைய அழைத்தது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி, எட்டுப் பக்கம் போதாது என்று வாசகர்கள் சொல்லும் மற்றொரு புகாருக்கு வருகிறேன். இதற்கு விடையாக எனக்குத் தோன்றுவது ஆர்ச்சி குட்வின் என்னும் மனிதரின் பணி. அமெரிக்காவின் வாரன் பதிப்பகம் 1964இல் தொடங்கிய ‘க்ரீப்பி’யும் அதன் தோழமை இதழான ‘ஈரி’யும் பெரிய அளவு கறுப்பு வெள்ளை இதழ்கள், அந்த வடிவத்தாலேயே அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை விதிகளுக்கு வெளியே நின்றவை. அங்கே ஆசிரியராக இருந்த குட்வின், அலெக்ஸ் டோத், ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்களுக்கு ஒரு சில பக்கங்களில் முடியும் கதைகளை எழுதித் தந்தார். ஓவியரின் பலம் எதுவோ அதை மனத்தில் வைத்து எழுதுவது அவருடைய இயல்பு. பேட்மேன் தொகுப்பு அந்த மரபின் தொடர்ச்சி. முன்யோஸுக்கு மேற்சொன்ன கதையை எழுதியவர் குட்வின். கேரி ஜியானிக்கு ‘ஹீரோஸ்’ எழுதியவரும் அவரே. வாரன் இதழ்களில் வரைந்த ரிச்சர்ட் கோர்பென் இங்கும் இருக்கிறார். நான்காம் இதழின் அட்டையை வரைந்தவர் டோத்.

‘ஹீரோஸ்’ 1997இல் சிறந்த சிறுகதைக்கான, காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதைப் பெற்றது. பழைய சாகச நூல்களின் பேனாச் சித்திரங்களை நினைவூட்டும் நெருக்கமான கோடுகளில், ஒரு மகன் தன் தந்தையை எப்படிப் பார்க்கிறான் என்பதைச் சொல்லும் கதை அது. பேட்மேன் அதில் இருக்கிறார். கதையின் கனம் அவர்மீது விழவில்லை. குட்வின் 1998 மார்ச் மாதத்தில் காலமானார். எட்டுப் பக்கத்தில் எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அறிந்த எழுத்தாளருக்கு அந்த எட்டுப் பக்கம் தாராளமான இடம். அது தெரியாதவர்களின் கதைகள் இதே தொகுப்பில் பாதியில் நின்றுவிட்டதைப் போலத் தோன்றுகின்றன; அந்த இடங்களில் வாசகர்களின் குறை நியாயமானது.

நீல் கெய்மன் எழுதி சைமன் பிஸ்லி வரைந்த ‘எ பிளாக் அண்ட் ஒயிட் வேர்ல்டு’ பற்றி என் கருத்து பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை. பேட்மேனும் அவருடைய எதிரியான ஜோக்கரும் தங்கள் பக்கம் வரும்வரை காத்திருக்கும் நடிகர்கள் என்ற கற்பனை புத்திசாலித்தனமானது. தொகுப்பில் பரவலாகப் பாராட்டப்படும் கதைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கற்பனை புரிந்ததும் மறுமுறை திரும்பிப் பார்க்கச் சித்திரத்தில் எதுவும் மிச்சமில்லை. வண்ண ஓவியத்தில் பேராற்றல் காட்டிய பிஸ்லியை இதைவிட நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம். இதற்கு மாறாக, பேட்மேன் அனிமேஷன் தொடரால் புகழ்பெற்ற புரூஸ் டிம், ‘டூ ஆஃப் எ கைண்ட்’ கதையில் ‘டூ-ஃபேஸ்’ என்னும் வில்லனான ஹார்வி டென்டின் காதலையும் வீழ்ச்சியையும் பழைய குற்றத் திரைப்படங்களின் வெளிச்சத்தில் சொல்கிறார். இருமுகம் கொண்டவனின் கதைக்கு இரு நிறங்களே போதும் என்ற தெளிவு ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது.

இந்த முயற்சி அத்தோடு நிற்கவில்லை. 2000இல் தொடங்கிய ‘கோதம் நைட்ஸ்’ இதழின் பின்பக்கங்களில் எட்டுப் பக்கக் கதைகள் தொடர்ந்தன. 2013இலும் 2020இன் இறுதியிலும் ஆறு இதழ்கள் கொண்ட புதிய வரிசைகள் வந்தன. ‘கோதம் நைட்ஸ்’ கதைகளைக் கொண்ட இரண்டாம் தொகுதியில் பால் டினியும் அலெக்ஸ் ராஸும் செய்த ‘கேஸ் ஸ்டடி’, ஜோக்கரின் பைத்தியம் வெறும் வேடமாக இருக்கலாம் என்று வாதிடும் அருமையான கதை. எனினும், சாம்பல் நிறத்தின் எல்லாப் படிகளிலும் தீட்டப்பட்ட அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது, வண்ணம் உலர்ந்துபோன ஓவியத்தைப் பார்க்கும் உணர்வே எனக்கு வருகிறது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் 1996இன் முதல் தொகுதியிலிருந்தே தொடங்கலாம். ஒரே அமர்வில் இருபதையும் படித்துவிடாமல், ஓர் இரவுக்கு ஒரு கதை என்று, முதலில் வசனத்தோடும் பிறகு வசனத்தைத் தவிர்த்துச் சித்திரத்தை மட்டுமாகவும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முன்யோஸின் கதையை ஏற்கெனவே வெறுத்து ஒதுக்கியவர்களிடம் இந்த வேண்டுகோளை இன்னும் அழுத்தமாக வைக்கிறேன்.