பொன்னாடை போதும், பெரியம்மாவைப் பேச விடுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வயதான பெண்மணி ஒருவருக்குப் பாராட்டு விழா என்றால் என்ன நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒய்.பி., அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதி, வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் குத்துவிளக்கு. அப்புறம் "தியாகத்தின் மறு உருவம்", "அன்பே வடிவானவர்" என்று ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். பொன்னாடை, ஒரு ஹேம்பர், நாலு படம், பிறகு எல்லாரும் மீகூன் சாப்பிடப் போய்விடுவார்கள். விழா நாயகி மேடையில்தான் உட்கார்ந்திருப்பார், மைக் மட்டும் அவர் பக்கம் போகாது.

அண்மையில் எங்கள் பெரியம்மாவுக்கு நடந்ததும் இதேதான். ரத்த உறவில் எனக்குப் பெரியம்மா இல்லை, ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் அவர் பெரியம்மா. எண்பதைத் தாண்டிவிட்டார். பேசியவர்களில் ஒருவர்கூட அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை, எவ்வளவு கஷ்டப்பட்டார் என்றுதான் சொன்னார்கள். கஷ்டம் தோட்டத்தில் எல்லாருக்கும்தான் இருந்தது. அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் ஒரு பெண் எதையெல்லாம் கற்றுக்கொண்டார், அதை வைத்து யாருக்கு என்ன செய்தார் என்பதுதானே பேச வேண்டிய விஷயம்?

எனக்குத் தெரிந்ததை நானாவது எழுதி வைக்கிறேன்.

1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் வெள்ளைக்கார துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது இல்லையா, பெரியம்மா வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, ஊரடங்கு. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வேலைக்காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகவே தடை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். சட்டத்துக்குப் பேர் சொல்ல ஒரு கொட்டகையும் ஒரே ஒரு வாத்தியாரும் இருந்தார்கள். பெரியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பிறகு அவர் படித்த படிப்புதான் பெரிய படிப்பு.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர வரிசையான நிரைக்குள் இறங்க வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். வெட்டுக்கோட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பாலை முதலில் உரித்துவிட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் முண்டு விழுந்து பிற்பாடு வெட்டவே முடியாது. குறைந்தால் பால் வராது. இது கையிலேயே வர வேண்டிய வித்தை. எங்கள் அப்பா சொல்வார், பெரியம்மா வெட்டிய மரத்தைப் பட்டையைத் தடவியே கண்டுபிடித்துவிடலாம் என்று.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். வாளிப் பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் தோட்டத்துக் கணக்கரான கிராணி அளப்பார். எத்தனை வாளி என்பது மட்டும் போதாது, அந்தப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்துத்தான் கூலி. அதற்கு மெட்ரோலாக் என்று ஒரு கருவி, மிதக்கவிட்டுத் தண்டில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். ரப்பர் தண்ணீரைவிட லேசு. அதனால் கெட்டிப் பாலில் கோல் இன்னும் ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்த பாலில் மேலே நிற்கும். கோலைப் பார்ப்பவர் கிராணி, எண்ணைச் சொல்பவரும் கிராணி, எழுதுபவரும் அவரே. வெட்டியவர் பார்க்கவும் மாட்டார், பார்த்தாலும் புரியாது.

பெரியம்மா பார்க்க ஆரம்பித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வரிசையில் முன்னால் இருப்பவருடைய பால், கிராணி சொல்லும் எண், கோல் நிற்கும் இடம் என்று தினமும் கவனித்தே பிடித்துக்கொண்டார். பிறகு தன் எண்ணை 555 என்று அட்டையில் போட்ட சின்னக் கணக்கு நோட்டு ஒன்றில் எழுதினார். அப்புறம் பக்கத்து நிரைக்காரர்களுடையதையும். மாதக் கடைசியில் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருக்கும் கணக்கும் 555 கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் நோட்டும் கையுமாக ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். சண்டை போடமாட்டார், தேதி தேதியாகப் படித்துக் காட்டுவார். மூன்றாம் வகுப்புப் படித்த பெண் இதைச் செய்ததற்கு நாம் கொடுக்கும் பட்டம் "அன்பே வடிவானவர்"! என்னத்தைச் சொல்வது.

அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டது வரலாற்றில் இருக்கிறது. அந்தப் பத்து வெள்ளியைக் கள்ளுக்கடைக்குப் போகுமுன் பிடித்து வைத்த பெண்கள் வரலாற்றில் இல்லை. எங்கள் லயத்தில் அந்த வேலையைச் செய்தது பெரியம்மா.

அப்புறம் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பத்திரம் இல்லாத குற்றத்துக்காக, இங்கேயே உழைத்துத் தேய்ந்த எத்தனையோ பேர் ரஜூலா கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். பெரியம்மாவின் அக்கா குடும்பமும் அதில் ஒன்று. மலாய்ப் பாரம் (படிவம்) படிக்கத் தெரிந்தாக வேண்டும் என்ற வெறி அவருக்கு அங்கேதான் பிடித்தது. தன் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மலாய் கற்றார், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு பள்ளிக்குப் போகாமலே வெளியிலிருந்து எஸ்.ஆர்.பி. என்ற அந்தக் காலத்துக் கீழ் இடைநிலைப் பரீட்சை எழுதினார். மகனும் அம்மாவும் ஒரே மண்ணெண்ணெய் விளக்கில் படித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர், ஊழியர் சேமநிதி வாங்கத் தெரியாத விதவை எல்லாருக்கும் பாரம் நிரப்பியது அவர்தான். காசு வாங்கியதில்லை. பேருந்துக் கட்டணம் மட்டும் வாங்கினார், அதையும் நோட்டில் எழுதினார். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு எடுத்தார். கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்தவர்கள் இன்றும் இந்த டவுனில் இருக்கிறார்கள். அந்தக் கோயில் கமிட்டியில் ஒரு முறைகூட அவர் பெயர் வந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க மட்டும் கூப்பிட்டார்கள். கோபம் வராமல் எப்படி?

இது இவர் ஒருவர் கதை இல்லை. 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் எத்தனையோ பேர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். ஜானகி ஆதி நாகப்பன் பெயர் நமக்குத் தெரியும், 2000இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரோடு அணிவகுத்த தோட்டத்துப் பெண்களில் பத்துப் பேர் பெயரைச் சொல்லச் சொன்னால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உயிரோடு இருக்கும்போது யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. தோட்டமும் செம்பனையாகி, லயமும் இடிந்து, ஆட்கள் அடுக்குமாடிக்குப் போன பிறகு எங்கே போய்த் தேடுவது?

அதனால் நான் கேட்பது இதுதான். விழா வையுங்கள், பொன்னாடையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒய்.பி.க்குப் பத்து நிமிடம் என்றால் பெரியம்மாவுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். இடைநிலைப்பள்ளிப் பெண்பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

அந்த 555 நோட்டுகள் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்க வேண்டும், நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வீட்டுக்குத்தான் வந்து செய்ய வேண்டும். நோட்டை வெளியே கொடுக்கமாட்டாராம். இந்த ஊரில் இரவல் போன எதுவும் திரும்பி வந்ததில்லை என்கிறார், அதற்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்.