கொடுத்து வைத்தவன் பேசுகிறேன்

முந்தாநாள் போட்ட சூரிய அஸ்தமனப் படத்தின் கீழே வந்த கமெண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘கொடுத்து வச்சவன். ரிப்பேர்கூட லங்காவியிலதான் பார்க்கிறான்.’ அதற்கு அத்தனை சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். சரி, சிரிக்கட்டும்.

படத்தில் சூரியனுக்குக் கீழே ஒரு மீன்பிடிப் படகு தெரிகிறதே, அது அழகுக்காக நிற்கவில்லை. நானும் மனைவியும் குடியிருக்கும் பாய்மரப் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த படம். மலேசியாவின் லங்காவிக்குத் தெற்கே இருக்கும் பாயார் தீவைத் தாண்டியதும் ஒரு பிளாஸ்டிக் பை, இன்ஜினைக் குளிர்விக்கப் படகுக்கு அடியில் தண்ணீர் உறிஞ்சும் துளையை அடைத்துவிட்டது. அந்தத் தண்ணீரை இழுக்கும் பம்ப்புக்குள் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று உண்டு. இம்பெல்லர் என்பார்கள், ஆறு இதழ். வழவழப்பு, குளிர்ச்சி இரண்டும் அதற்குக் கடல்நீரால்தான். தண்ணீர் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே கருகிக் கிழிந்துவிடும். கிழிந்தது. இன்ஜின் கொதித்தது. பாய் விரிக்கலாம் என்றால், கொடுத்து வைத்தவனுக்குக் காற்றும் அன்று லீவு.

‘ஸ்பேர் வைத்திருக்க வேண்டாமா?’ வைத்திருந்தேன். போன மாதம் மாட்டிய அந்த ஸ்பேர்தான் இது. இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் கிடையாது.

நான்கு இதழ் பிய்ந்திருந்தது. கிடைத்தது மூன்றரை. மிச்ச அரை இதழ் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் குழாய்களுக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதிதாக மாட்டினால் மறுபடியும் கொதிக்கும். அதனால் இன்ஜின் அறைக்குள் தலைகீழாகக் கிடந்து, மனைவி டார்ச் பிடிக்க, அவளுடைய புருவம் திருத்தும் இடுக்கியால் துழாவிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு எவர்சில்வர் போல்ட் படகின் அடிவயிற்றில் விழுந்தது. காந்தத்தில் ஒட்டாத ரகம். இதற்குப் பெயர் சுற்றுலாவா? படகில் வாழ்வது விடுமுறை இல்லை ஐயா, ரிப்பேர்தான் வேலை. நடுவில் அரை மணி நேரம் சூரியன் விழுகிறது, அதைப் படம் எடுக்கிறோம்.

லங்காவி 1987-லிருந்து வரியில்லாத் தீவு. சாக்லேட், சாராயம், பீங்கான் தட்டு எல்லாம் மலை மலையாகக் கிடைக்கும். என் பழைய பம்ப்புக்கு இம்பெல்லர் மட்டும் பினாங்கிலிருந்து வர வேண்டும். வந்தது, ஒரு சைஸ் சின்னதாக. மாற்றித் தருகிறேன் என்ற மெக்கானிக் ‘ஏசோக்’ என்றார், மலாயில் ‘நாளை’. அந்த ‘நாளை’க்கு இன்று ஒன்பது நாள் வயது.

‘பணக்காரப் புலம்பல்’ என்றும் ஒருவர். ஈப்போ வீட்டை விற்று வாங்கிய 1983-ஆம் ஆண்டுப் படகு இது. அடியில் துத்தநாகக் கட்டியை மாட்டி, ‘இதை அரித்துக்கொள், புரொப்பெல்லரை விட்டுவிடு’ என்று கடலிடம் பேரம் பேசுகிற பணக்காரன் நான்.

மீனவர்கள் புலம்புகிறார்களா என்பது நியாயமான கேள்வி. எங்களை இழுத்து வந்தவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை அவிழ்க்கும்போதுகூட அவர் தன் இன்ஜினைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அப்பா தோட்டத்து ஆலையில் ஃபிட்டர். ரப்பர்தான் எங்களுக்குச் சோறு போட்டது, இப்போது ஒரு ரப்பர்த் துண்டுதான் கழுத்தறுக்கிறது. (இம்பெல்லர் செயற்கை ரப்பர், மரத்துப் பால் இல்லை. தெரியும். அதைச் சொல்ல யாரும் கமெண்டுக்கு வர வேண்டாம்.) ஆலையில் மெஷின் நின்றால் அப்பா ராத்திரியெல்லாம் திட்டிக்கொண்டே கழற்றுவார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர்கூட அவரைப் பார்த்துக் கொடுத்து வைத்தவன் என்று சொன்னதில்லை. யாராவது ஒரு தம்ளர் தேத்தண்ணி கொண்டு போவார்கள்.

அந்தத் தேத்தண்ணியைப் பல நாள் தூக்கிக்கொண்டு போனவனே நீதானேடா. நீயா அந்தக் கமெண்டைப் போட்டாய்?

மனைவி இந்தப் பதிவையே அழிக்கச் சொல்கிறாள். அழிக்க மாட்டேன். கோலா கெடாவிலிருந்து ஃபெர்ரி இருக்கிறது, ஒரு நாள் வா. அவளுக்குக் கை வலிக்கிறது, டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். அந்த அரை இதழ் இன்னும் கிடைக்கவில்லை.