முகூர்த்தத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்

அண்டார்டிகா போக வேண்டிய கப்பல், கிளம்ப இன்னும் சில வாரங்களே இருக்கும்போது ரத்தாகிவிட்டது. இயந்திரக் கோளாறாம். சரி, அதில் எனக்கு வருத்தம் இருந்ததே தவிரக் கோபம் இல்லை. தென் அமெரிக்காவின் நுனிக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் சுமார் 800 கிலோமீட்டர் திறந்த கடல் கிடக்கிறது. அந்த ட்ரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள் ஆகும். கோளாறான இயந்திரத்தோடு அங்கே போகச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கப்பல் நிறுவனம் அனுப்பிய மெயிலின் முதல் பத்தியில் வருத்தம். இரண்டாவது பத்தியிலேயே, நாங்கள் கட்டிய தொகை முழுவதும் அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாக மாற்றப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு. மாற்றலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே நீல நிறத்தில் ஒரு பட்டன்: ‘புதிய தேதியைத் தேர்ந்தெடுங்கள்’. அழுத்தினால் டிசம்பரும் ஜனவரியும் நிரம்பிவிட்டன. இடம் இருப்பது மார்ச்சில் மட்டும்.

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள். மார்ச்சில் பொதுத்தேர்வை விட்டுவிட்டு எங்கே போவாள்? அரையாண்டு விடுமுறையோடு சேர்த்து லீவு வாங்க அவள் தலைமையாசிரியரிடம் எத்தனை முறை போய் நின்றாள் என்று எனக்குத்தான் தெரியும். அவள் பார்க்க ஆசைப்பட்டதே பெங்குவின் குஞ்சுகளை. ஜென்டூ பெங்குவின்கள் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டி, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சு பொரிக்கும். மார்ச்சில் அவை வளர்ந்து பெரிதாகிவிடும், மற்ற இனங்களில் பெரும்பாலானவை கூட்டைக் காலி செய்துவிட்டுக் கடலுக்கே போய்விடும். அப்போது திமிங்கிலங்கள் நிறையத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் அதற்கா பணம் கட்டினோம்? இது கல்யாண மண்டபத்துக்காரர் போன் செய்து, முகூர்த்தத்தை மூன்று மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப்போல இருக்கிறது.

போனில் பேசியபோது இன்னொரு வழி சொன்னார்கள். அதே டிசம்பரில் வேறொரு பெரிய கப்பலில் இடம் இருக்கிறதாம், கட்டணமும் குறைவாம். எத்தனை பயணிகள் என்று நான் கேட்ட பிறகுதான் 500-க்கு மேல் என்று வாயைத் திறந்தார்கள். 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து அண்டார்டிகாவில் யாரும் கரையிறங்கக் கூடாது என்பது விதி. சின்னக் கப்பல் என்றாலும், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்க முடியாது. இதெல்லாம் அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? கால் வைக்கவே முடியாத பயணத்தை, கால் வைக்கப்போகிறோம் என்று காசு சேர்த்தவர்களிடம் விற்கப் பார்க்கிறார்கள்!

அடுத்தது பணம். அர்ஜென்டினாவின் தலைநகர் ப்யூனஸ் அயர்ஸில் எசைசா விமான நிலையத்தில் இறங்கி, நகரத்துக்குள் இருக்கும் இன்னொரு விமான நிலையமான ஏரோபார்க்கேவுக்குப் போய், அங்கிருந்து கப்பல் கிளம்பும் துறைமுகமான உஷூவாயாவுக்கு விமானம் பிடிக்க வேண்டும். தாமதமானால் கப்பல் காத்திருக்காது, முன்னதாகவே வந்து தங்கிவிடுங்கள் என்று வலியுறுத்தியது இதே நிறுவனம்தான். அதை நம்பிப் போட்ட ஹோட்டல் பணமும், திருப்பித் தராத விமான டிக்கெட்டும் இப்போது எங்கள் தலையில். பயணம் ரத்தானால் கப்பல் கட்டணத்துக்கு மேல் எதற்கும் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் காப்பீடோ நாங்கள் நோயில் படுத்தால் காசு தரும், கப்பல் படுத்தால் தராது. கிரெடிட்டிலும் ஒரு கொக்கி: அடுத்த சீசனில் கட்டணம் ஏறினால் வித்தியாசத்தை நாங்களே கட்ட வேண்டுமாம். அவர்கள் ரத்து செய்வார்கள், விலையேற்றத்தை நாங்கள் சுமக்க வேண்டுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே மாதிரிப் பயணத் தொகுப்பை வாங்கியவருக்கு, நிறுவனம் ரத்து செய்தால் 14 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று 2015-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கிரெடிட்டை வாங்கிக்கொள் என்று அங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பக்கத்துக் கேபினுக்குப் பணம் கட்டிய ஜெர்மன்காரருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

‘கிரெடிட்டை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் நாங்கள் டிக் போடவில்லை, போடவும் மாட்டோம். கிடைக்காத சேவைக்குப் போன பணம் என்று கார்டு வங்கியில் புகார் கொடுத்தாயிற்று. முழுத் தொகையும் கணக்கில் ஏறும்வரை விடப்போவதில்லை. அது வந்ததும் அடுத்த டிசம்பருக்கு வேறொரு சின்னக் கப்பலில் இடம் பிடிப்போம், அக்கா இப்போதே அடுத்த வருட லீவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.