பரோக் இசை கடிகாரத் தாளம் அல்ல

"பரோக் இசையை (சுமார் 1600-1750 கால ஐரோப்பிய இசை) எழுதியபடியே, கடிகாரம் மாதிரி வாசிப்பதுதான் முறை, நெகிழ்வெல்லாம் பிற்காலத்தவர் சேர்த்தது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தவறு. தாள வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமுக்கு மெல்சல் காப்புரிமை வாங்கியதே 1815இல்தான். பரோக் காலத்தின் பெரிய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இறந்து 65 வருடம் கழித்து.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரன் 1716இல் எழுதிய ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) கையேட்டைப் பாருங்கள். படிப்படியாக நகரும் சுரங்களைச் சமமாக எழுதுகிறோம், ஆனால் முதலாவதை நீட்டி, அடுத்ததைக் குறுக்கி வாசிக்கிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். சமமாகவே வேண்டுமென்றால் சுரங்களின் மேல் புள்ளி வைப்பதும் பிரான்ஸில் வழக்கம்தான். ரோமில் இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டியோ 1615இலேயே டொக்காட்டா என்ற கட்டற்ற விசைப்பலகை இசை வடிவத்துக்குத் தாளத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்கிறார்.

சரி, அதற்காக எல்லாவற்றையும் இப்படி நீட்டிக் குறுக்கி நொண்டியடிக்க வைக்கவும் கூடாது. இத்தாலியர்கள் எழுதிய அளவிலேயே வாசிப்பார்கள் என்று அதே கூப்பரன்தான் எழுதுகிறார். பாக் இசையை இதில் எந்த முறையில் வாசிப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.